பதிவேட்டில் ஏறாத விரட்டல்: வீடற்றோர் மீதான பாகுபாட்டை அளந்த ஒரு நிகழ்வு ஆய்வு

விடியற்காலை. நடைபாதையில் படுத்திருப்பவரைக் காவலர் ஒருவர் தட்டி எழுப்பி, "இங்கே படுக்கக் கூடாது, நகரு" என்கிறார். படுத்திருந்தவர் போர்வையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகிறார். கைது இல்லை, வழக்கு இல்லை, அபராதச் சீட்டுகூட இல்லை. அன்றைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் அந்தத் தெருவில் எதுவுமே நடக்கவில்லை.

பதிவேட்டில் இல்லாததை எப்படி எண்ணுவது? இந்தக் கேள்வியோடு உருப்படியாக மல்லுக்கட்டிய ஆய்வு என்று நான் நினைப்பது, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்தது. அதன் முதல் அறிக்கை 2015-இல் வந்தது. அதையொட்டிய கட்டுரைகள் 2019-லும் 2020-லும் சமூகவியல் இதழ்களில் வெளிவந்தன. அந்த ஆய்வை நடுவில் வைத்து, வீடற்றோர் மீதான பாகுபாட்டை அளக்க இதுவரை பயன்பட்ட மற்ற முறைகளை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த முறையைக் கையில் எடுக்கிறோமோ, அந்த முறைக்கு ஏற்ற குற்றவாளிதான் அகப்படுகிறார். விண்ணப்பம் அனுப்பிச் சோதித்தால் முதலாளி மாட்டுவார். மூளையைப் படம் பிடித்தால் மனித மனம் மாட்டும். யார் கையும் நேரடியாகப் படாமல் நடக்கும் பாகுபாடு இவை இரண்டிலும் நழுவிப் போகிறது. வீடற்றவரின் அன்றாடத்தில் பெரும்பகுதி அந்த வகைதான்.

ஊரும் சட்டமும்

2010 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் ஒரு சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை நடைபாதையில் உட்காரவோ படுக்கவோ கூடாது. 2016 நவம்பரில் இன்னொன்று வந்தது: 24 மணி நேர முன்னறிவிப்போடு நடைபாதைக் கூடாரங்களை அகற்றலாம். பூங்காவில் தூங்குவது, வாகனத்தில் வசிப்பது, கையேந்துவது என்று தனித்தனித் தடைகள் ஏற்கெனவே இருந்தன.

இந்தத் தடைகள் எல்லோருக்கும் பொதுவானவை. வீடுள்ளவர் நடைபாதையில் படுத்தாலும் அதே அபராதம்தான். ஆனால் வீடுள்ளவர் எதற்காக நடைபாதையில் படுக்கப்போகிறார்?

முதல் முடிச்சு இங்கேயே விழுகிறது. இருவரை வெவ்வேறு விதமாக நடத்துவதுதான் பாகுபாடு என்று வரையறுத்தால், மேலே சொன்ன சட்டங்களில் பாகுபாடே கிடையாது. எல்லோருக்கும் ஒரே விதியைப் போட்டு அதன் பாரம் முழுவதையும் ஒரு கூட்டத்தின் தலையில் இறக்குவதும் பாகுபாடுதான் என்றால், ஊர் முழுக்கப் பாகுபாடு. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம் பொது இடத்தில் படுப்பவர்களைத் தண்டித்தது பற்றிய வழக்கில் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னபோது மோதிக்கொண்டதும் ஏறக்குறைய இந்த இரண்டு பார்வைகள்தான். பொது இடத்தில் படுப்பதைத் தண்டிக்கும் சட்டம் ஒரு செயலைத் தண்டிக்கிறது, வீடில்லாத நிலையை அல்ல என்றது பெரும்பான்மை. போக இடமில்லாதவருக்குத் தூக்கம் என்பது அந்த நிலையிலிருந்து பிரிக்க முடியாதது என்றது சிறுபான்மை. ஆய்வாளர் இந்தச் சண்டையில் ஒதுங்கி நிற்க முடியாது. வினாநிரலின் முதல் கேள்வியை எழுதும்போதே அவர் ஏதோ ஒரு வரையறைக்குள் வந்துவிடுகிறார்.

வீடற்றவர் யார் என்பதும் அப்படித்தான். ஐரோப்பாவில் 2005 முதல் புழங்கும் எத்தோஸ் வகைப்பாடு, கூரையே இல்லாதவர், கூரை இருந்தும் தனக்கென வீடில்லாதவர், எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படக்கூடிய நிலையில் இருப்பவர், மனிதர் வாழத் தகாத இடத்தில் இருப்பவர் என்று நான்கு பெரிய பிரிவுகளை வைத்திருக்கிறது. வரையறை எண்ணிக்கையை எவ்வளவு ஆட்டும் என்பதற்கு புரூஸ் லிங்க் குழுவினர் 1994-இல் வெளியிட்ட தொலைபேசி ஆய்வு நல்ல சாட்சி. அமெரிக்காவில் வீட்டில் வசிப்பவர்களைக் கூப்பிட்டு, வாழ்நாளில் எப்போதாவது வீடில்லாமல் இருந்தீர்களா என்று கேட்டார்கள். அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருந்ததையும் சேர்த்தால் 14 சதவீதம். காப்பகம், பேருந்து நிலையம், பாழடைந்த கட்டடம் போன்ற இடங்களில் கிடந்தவர்களை மட்டும் எண்ணினால் 7.4 சதவீதம். வரையறையை மாற்றினால் பாதி ஆட்கள் காணாமல் போகிறார்கள். அப்புறம், இது தொலைபேசி உள்ளவர்களிடம் கேட்டது என்பதையும் மறக்கக் கூடாது. அன்றைக்குத் தெருவில் இருந்தவர் யாரும் இந்தக் கணக்கில் இல்லை.

பெயரை மாற்றலாம், படுக்கையை?

பாகுபாட்டு ஆய்வுகளில் பெரிய மரியாதை பெற்ற கருவி இணை விண்ணப்பச் சோதனை: மற்றதையெல்லாம் சமமாக வைத்து, ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் மாற்றி விண்ணப்பங்களை அனுப்பி, பதிலில் வித்தியாசம் வருகிறதா என்று பார்ப்பது. மரியானே பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு எல்லோரும் எடுத்துக்காட்டுவது. பாஸ்டனிலும் சிகாகோவிலும் வந்த 1,300-க்கு மேற்பட்ட வேலை விளம்பரங்களுக்குக் கிட்டத்தட்ட 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயரைப் பார்த்தால் வெள்ளையர் என்று தோன்றும் விண்ணப்பங்களுக்கு 9.65 சதவீதம் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் என்று தோன்றுபவற்றுக்கு 6.45. விண்ணப்பத்தின் தகுதிக்கும் பெயருக்கும் தொடர்பில்லாதபடி பெயர்களைக் குலுக்கல் முறையில் ஒட்டியிருந்தார்கள். ஆகவே இந்த இடைவெளிக்கு வேறு சாக்கு சொல்ல வழியில்லை.

ஆள் அனுப்பியும் இதைச் செய்யலாம். டேவா பேஜர் 2003-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 350 வேலையிடங்களுக்குப் பயிற்சி பெற்ற இளைஞர்களை அனுப்பினார். சிறைப் பதிவு இல்லாத வெள்ளையருக்கு 34 சதவீதம் அழைப்பு, பதிவு இருந்தால் 17. கறுப்பினத்தவருக்குப் பதிவு இல்லாவிட்டாலும் 14, இருந்தால் 5. கடைசி மூன்று எண்களை வரிசையாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சிறைக்குப் போய்வந்த வெள்ளையருக்கு, சிறைப் பக்கமே போகாத கறுப்பினத்தவரைவிட வாய்ப்பு அதிகம்.

சரி, இதே கருவியை வீடற்றோர் விஷயத்தில் வைத்தால் என்ன? விண்ணப்பத்தில் ஒன்றுக்கு வீட்டு முகவரி, இன்னொன்றுக்குக் காப்பக முகவரி. பார்க்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் காப்பக முகவரி வீடில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை. படிப்பவர் மனதில் குடி, நோய், சிறை, சண்டை என்று என்னென்னவோ கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒட்டுமொத்தச் சந்தேகம்தான் நாம் அளக்க விரும்பும் பாகுபாடு என்று வாதிடலாம். நானும் அப்படித்தான் வாதிடுவேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒப்புக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான். இதன்மேல் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் எழுப்பிய பழைய ஆட்சேபம் வேறு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தகுதிகளை நாம் சமமாக்கிவிடலாம். ஆனால் ஒரு கூட்டத்தினர் ஒருவருக்கொருவர் அதிகம் வேறுபடுபவர்கள் என்று முதலாளி நம்பினால், அந்த நம்பிக்கையே முடிவை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும்.

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. சோதனை விண்ணப்பம் கதவைத் தட்டுகிறது. தட்டிய பின் என்ன நடக்கிறது என்பதை அளக்கிறது. குளிக்க இடமில்லாதவர், அடையாள அட்டையைத் தொலைத்தவர், மூட்டையை எங்கே விட்டுவிட்டு நேர்காணலுக்குப் போவது என்று தெரியாதவர், கதவு வரைக்கும் வருவதே இல்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2012-இல் வீடற்றோர் உரிமைச் சட்டம் இயற்றி, நிலையான அஞ்சல் முகவரி இல்லை என்பதற்காக வேலை தேடுபவரைப் பாகுபடுத்தக் கூடாது என்று எழுதிவைத்தது. நல்ல விதி. ஆனால் அது காப்பாற்றுவது முகவரிக் கட்டம் வரை வந்து சேர்ந்தவரை.

இணைச் சோதனை நன்றாக வேலை செய்த பக்கத்து வயல் ஒன்று உண்டு, அது வாடகை உதவிச் சீட்டு. அரசு வாடகையில் ஒரு பங்கைக் கட்டுவதாக உறுதி தரும் சீட்டு இது. தெருவிலிருந்து வீட்டுக்கு ஏறும் முக்கியமான படி. அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 5 பகுதிகளில் 3,41,000-க்கு மேற்பட்ட இணைய விளம்பரங்களை அலசி, வீட்டுக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சீட்டை ஏற்பீர்களா என்று கேட்டார்கள். ஃபோர்ட் வொர்த்தில் 78 சதவீதத்தினர் மாட்டேன் என்றார்கள், லாஸ் ஏஞ்சலஸில் 76, பிலடெல்ஃபியாவில் 67, நியூவார்க்கில் 31, வாஷிங்டனில் 15. கடைசி மூன்று ஊர்களிலும் சீட்டுக்காரரை மறுப்பதைத் தடுக்கும் சட்டம் இருந்தது. ஆகவே சட்டம் இருந்தாலே போதும் என்று யாராவது சொன்னால் பிலடெல்ஃபியாவைக் காட்டலாம். இந்த மறுப்பு விகிதங்களைவிட எனக்கு உறைத்தது வேறோர் எண். சீட்டின் விதிகளுக்குப் பொருந்தக்கூடிய ஒரே ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 39 விளம்பரங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. யாரும் "மாட்டேன்" என்று சொல்வதற்கு முன்பே 38 போய்விட்டன. அந்த 38-க்கு யார் மேல் வழக்குப் போடுவது?

கேட்டவர்கள் யார், கேட்டது என்ன

சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்புவோம். அங்கே வீடற்றோர் கூட்டமைப்பு என்ற உள்ளூர் அமைப்பும் கிறிஸ் ஹெர்ரிங், டிலாரா யார்ப்ரோ உள்ளிட்ட ஆய்வாளர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். வீடில்லாமல் இருப்பவர்கள், சமீபம் வரை இருந்தவர்கள் என 351 பேரிடம் வினாநிரல். 43 பேரிடம் நீண்ட நேர்காணல். கேள்வி கேட்கப் போனவர்களிலும் தெருவாழ்க்கையை அனுபவித்தவர்கள் இருந்தார்கள்.

இந்தக் கடைசி விவரத்தை அறிக்கைகளில் ஒரு வரியில் தாண்டிவிடுவது வழக்கம். என் கணக்கில் ஆய்வின் உயிர் அதில்தான் இருக்கிறது. கையில் அட்டையோடு, கழுத்தில் அடையாளப் பட்டையோடு ஒருவர் வந்து "உங்களைக் காவலர் விரட்டினார்களா?" என்று கேட்டால், தெருவில் இருப்பவர் முதலில் எடைபோடுவது கேள்வியை அல்ல, கேட்பவரை. நலத்துறை ஆளா, காவல்துறை ஆளா, பதில் சொன்னால் காப்பகப் படுக்கை போய்விடுமா? அதே நடைபாதையில் படுத்தெழுந்தவர் கேட்டால் அந்தப் பயம் பாதி இறங்கிவிடும். கேள்வியின் சொற்களையும் அவர்களால் திருத்த முடியும். அலுவலக மொழியில் "இடமாற்ற உத்தரவு" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. "எழுந்து போகச் சொன்னார்களா" என்றால் உடனே பதில் வரும்.

அடுத்தது, என்ன கேட்டார்கள் என்பது. அமெரிக்கத் தேசிய வீடற்றோர் கூட்டணி 2014-இல் வாஷிங்டனில் வெளியிட்ட ஆய்வோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே 142 பேரிடம் கேட்டது பாகுபாட்டை உணர்ந்தீர்களா என்பதை. தனியார் கடை, நிறுவனங்களில் உணர்ந்ததாக 70.4 சதவீதத்தினர் சொன்னார்கள். காவல்துறையிடம் 66.6, மருத்துவ சேவையில் 49.7, நலச் சேவைகளில் 43.7. பயனுள்ள எண்கள்தான். ஆனால் "பாகுபாடு" என்பது ஒரு தீர்ப்பு. அதைச் சொல்ல ஒருவர் நடந்ததை நினைவுகூர வேண்டும், காரணம் இன்னது என்று முடிவுகட்ட வேண்டும், அப்புறம் அதை அந்நியரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றிலும் ஆட்கள் சறுக்குகிறார்கள். "எங்கள் ஆட்களை மோசமாக நடத்துகிறார்கள்" என்று சொல்பவர், "உங்களை?" என்று கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வது சமூக உளவியலில் 1990 வாக்கிலேயே பதிவான விஷயம்.

சான் பிரான்சிஸ்கோ குழு தீர்ப்பைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேட்டது. எழுந்து போகச் சொன்னார்களா? அபராதச் சீட்டு கொடுத்தார்களா? கட்ட முடிந்ததா? பொருள்களை எடுத்துப் போனார்களா? அப்புறம் எங்கே போனீர்கள்? பொது இடத்திலிருந்து போகச் சொல்லப்பட்டதாக 70 சதவீதத்தினர் சொன்னார்கள். முந்தைய ஓராண்டில் அபராதச் சீட்டு வாங்கியவர்கள் 69 சதவீதம். சீட்டு வாங்கியவர்களில் 90 சதவீதத்தினரால் கடைசிச் சீட்டின் தொகையைக் கட்ட முடியவில்லை. விரட்டப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வேறொரு பொது இடத்துக்குத்தான் போயிருந்தார்கள். பாகுபாடு என்ற சொல்லையே உச்சரிக்காமல் இத்தனையும் கிடைத்துவிட்டது.

நேர்காணல்கள் கொடுத்தது சங்கிலியை. கட்டாத அபராதம் நீதிமன்றத்துக்குப் போய், பிடியாணையாக மாறி, பின்னணிச் சோதனையில் தலைநீட்டி, வேலைக்கோ வீட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது குறுக்கே நிற்கிறது. கூடாரத்தை அள்ளிப் போனபோது அடையாள அட்டையும் மருந்தும் சேர்ந்தே போனதால் சந்திப்புகள் தவறுகின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் இருப்பவர் தன் வேலையைத்தான் செய்கிறார். வேலை கொடுக்க மறுத்தவருக்கு இந்த ஆள் நடைபாதையில் தூங்கியவர் என்பதே தெரிந்திருக்காது. அவர் பார்த்தது ஒரு பிடியாணையை. இணை விண்ணப்பச் சோதனை அந்த முதலாளியைப் பாகுபாடற்றவர் என்று சான்றளித்து அனுப்பிவிடும்.

39 லட்சம் அழைப்புகள்

காவலர் ஏன் அங்கே போனார்? இந்தக் கேள்வி சர்வேயில் இல்லை. படுத்திருந்தவருக்குப் பதில் தெரியவும் வாய்ப்பில்லை. ஹெர்ரிங் 2019-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத் தனியாக எடுத்துக்கொண்டார். அவசர உதவி எண் 911-க்கும் நகராட்சிப் புகார் எண் 311-க்கும் வந்த 39 லட்சம் அழைப்புப் பதிவுகளை அலசினார். காவலர்களோடும் சமூகப் பணியாளர்களோடும் தெருவில் வசிப்பவர்களோடும் உடனிருந்து பார்த்தார். அவர் வந்துசேர்ந்த சித்திரம்: விரட்டலைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் காவலரின் சொந்த வெறுப்பு அல்ல, யாரோ ஒருவரின் தொலைபேசி. குடியிருப்பவர் கூப்பிடுகிறார், கடைக்காரர் கூப்பிடுகிறார், இன்னோர் அரசுத் துறையே கூப்பிடுகிறது. காவலர் புகாரை முடித்துவைக்க வேண்டும், ஆளை ஒரு தெரு தள்ளி நகர்த்தினால் புகார் முடிந்தது. நாளைக்கு அந்தத் தெருவிலிருந்து புதுப் புகார் வரும்.

இரண்டு முறைகளைச் சேர்த்ததால்தான் இந்தச் சித்திரம் கிடைத்தது. அழைப்புப் பதிவை மட்டும் வைத்திருந்தால் "மக்களிடமிருந்து இத்தனை புகார்கள்" என்ற வரைபடம் கிடைத்திருக்கும். அதை வைத்து இன்னும் கடுமையான சட்டம் கேட்கவும் ஆள் இருந்திருக்கும். புகார் எண்ணிக்கை ஊரில் எத்தனை பேர் தெருவில் இருக்கிறார்கள் என்பதைக் காட்டுவதில்லை. எத்தனை பேருக்கு அது உறுத்துகிறது, புகார் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்பதைத்தான் காட்டுகிறது. மாறாக, தெருவில் மட்டும் உட்கார்ந்திருந்தால் காவலரின் கொடுமை என்ற கதையோடு திரும்பியிருப்பார்கள். ரோந்து வண்டிக்குள்ளும் ஏறிப் பார்த்தவருக்குத்தான், இதனால் எதுவும் மாறப்போவதில்லை என்று தெரிந்தே காவலர் அதைச் செய்வதும் தெரியவருகிறது.

காவல்துறையோடு சுற்றிய ஆய்வாளரை மறுநாள் தெருவாசிகள் எப்படி நம்புவார்கள் என்பது நியாயமான கேள்வி. இரண்டு பக்கமும் போகிறவரை இரண்டு பக்கமும் கொஞ்சம் சந்தேகிக்கத்தான் செய்யும். வேடம் போட்டு, வீடற்றவர்போல நடித்துத் தகவல் திரட்டுவது இதற்கு விடை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போகலாம் என்று தெரிந்தவரின் இரவும், போக முடியாதவரின் இரவும் ஒன்றல்ல.

மண்டைக்குள் பார்த்தவர்கள்

ஆய்வகத்திலும் இந்த விஷயம் நிறையப் புழங்கியிருக்கிறது. ஜோ ஃபேலனும் சகாக்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே மாதிரியான ஏழை மனிதரைப் பற்றிய சிறு கதையைச் சொன்னார்கள். சிலரிடம் அவர் வீடற்றவர் என்றார்கள், சிலரிடம் ஏழை, ஆனால் வீட்டில் வசிப்பவர் என்றார்கள். வீடற்றவர் என்ற முத்திரை விழுந்ததும், ஏழ்மை அதே அளவில் இருந்தும், விலகி நிற்கும் எண்ணம் கூடியது. ஒரே சொல்லை மட்டும் மாற்றியதால் வந்த தெளிவு இது. ஆனால் கதை கேட்டவர் நேரில் என்ன செய்வார் என்பது வேறு.

லசானா ஹாரிஸ், சூசன் ஃபிஸ்க் இருவரும் 2006-இல் வெளியிட்ட எஃப்எம்ஆர்ஐ ஆய்வு, அதாவது மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று படம் பிடித்த ஆய்வு, இன்னும் பிரபலம். பல சமூகக் குழுக்களின் படங்களைக் காட்டியபோது, மற்றவரை மனிதராக நினைக்கையில் வழக்கமாகச் சுறுசுறுப்படையும் மூளைப் பகுதி வீடற்றோரின் படத்துக்கும் போதைக்கு அடிமையானோரின் படத்துக்கும் அவ்வளவாக எழவில்லை; அருவருப்போடு தொடர்புள்ள பகுதிகள் எழுந்தன. "மனிதராகவே பார்ப்பதில்லை" என்று தலைப்புப் போட வசதியான முடிவு. பங்கேற்றவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் சில மாணவர்கள் மட்டுமே என்பதைத் தலைப்பு போட்டவர்கள் கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு அதே இருவரும் செய்தது எனக்கு மேலும் பிடித்தது. படத்தில் இருப்பவருக்கு இன்ன காய்கறி பிடிக்குமா என்று யோசிக்கச் சொன்னார்கள். மற்றவரை மனிதராக நினைக்கையில் இயங்கும் அந்தப் பகுதி மறுபடி எழுந்தது.

மருத்துவமனைப் பக்கம் இதற்கு நேரெதிர் வழியில் போனது டொரான்டோவில் செய்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு. காப்பகங்களில் இருந்த 17 பேரிடம், எங்கே வரவேற்கப்பட்டதாக உணர்ந்தீர்கள், எங்கே இல்லை என்று விரிவாகப் பேசவிட்டார்கள். தன்னை ஒரு பொருளாக நடத்தியது, மனிதராக நடத்தியது என்று அவர்களின் பேச்சு தானே இரண்டாகப் பிரிந்ததால், ஆய்வாளர்கள் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபரின் சொற்களைத் துணைக்கு அழைத்தார்கள். அதே ஊரில் 2014-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் மனநோயோடு வாழும் வீடற்றோர் 550 பேரிடம் கேட்டார்கள். மருத்துவ இடங்களில் வீடின்மை அல்லது வறுமைக்காகப் பாகுபடுத்தப்பட்டதாக 30.4 சதவீதத்தினரும், மனநோய் அல்லது போதைப் பழக்கத்துக்காக என்று 32.5 சதவீதத்தினரும் சொன்னார்கள். இந்த இரண்டில் எது வேலை செய்தது என்று பாதிக்கப்பட்டவராலேயே பிரித்துச் சொல்ல முடியுமா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை.

இடறும் இடங்கள்

சான் பிரான்சிஸ்கோ ஆய்வை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவதாகத் தோன்றலாம். அதன் பலவீனங்களும் சின்னவை அல்ல.

ஆய்வில் பங்காளியான அமைப்பு, அந்தச் சட்டங்களை எதிர்த்துப் போராடும் அமைப்பு. முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்று அதற்கு ஒரு விருப்பம் இருக்கும். கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே அனுபவம் உடையவர்கள் என்றால் நம்பிக்கை கூடும். அதே அளவுக்கு, எதிர்பார்க்கப்படும் பதிலும் காற்றில் மிதக்கும். நிகழ்ச்சியைக் கேட்டது இதற்கு ஓரளவு மருந்து. அபராதச் சீட்டு வாங்கினேன் என்பது சரிபார்க்கக்கூடிய கூற்று. "நகரு" என்ற சொல்லைச் சரிபார்க்க முடியாது. அந்த 70 சதவீதம் நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

மாதிரி இன்னும் பெரிய தலைவலி. 351 பேர் எந்தப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுக்கப்பட்டவர்கள்? அப்படி ஒரு பட்டியல் எந்த ஊரிலும் கிடையாது. நியூயார்க்கில் 2005-இல் இரவுக் கணக்கெடுப்பு நடந்தபோது, கிம் ஹாப்பர், மேரிபெத் ஷின் குழுவினர் வீடற்றவர்போல ஆட்களை ஆங்காங்கே உட்காரவைத்து, கணக்கெடுப்பவர்கள் அவர்களைப் பிடிக்கிறார்களா என்று சோதித்தார்கள். 29 சதவீத இடங்களில் தவறவிட்டார்கள். மறுநாள் சேவை மையங்களில் விசாரித்ததில், வெளியில் தூங்கியவர்களில் 31 முதல் 41 சதவீதம் வரை அந்த இரவில் கண்ணுக்கே படாத இடத்தில் இருந்திருக்கிறார்கள். நடிகர்களையே இத்தனை இடங்களில் தவறவிட்டார்கள் என்றால், ஒளிந்திருப்பதே பாதுகாப்பு என்று கற்றுக்கொண்டவர்கள் யாருடைய மாதிரியில் வருவார்கள்? மிகக் கடுமையாக விரட்டப்பட்டவர்தான் மிக நன்றாக ஒளிகிறார். அப்படியானால் பாகுபாட்டின் அளவு எல்லா சர்வேயிலும் குறைத்தே பதிவாகிறது என்பது என் ஊகம். நிரூபிக்க வழி தெரியவில்லை.

ஒரே சமயத்தில் கேட்டு முடித்த சர்வே என்பதால், அபராதம்தான் வேலையைக் கெடுத்ததா, வேலை கெட்டதால்தான் அபராதம் வாங்கும் நிலைக்கு வந்தார்களா என்று எண்களை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் காரண முடிச்சை நேர்காணல்களை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். அதே ஆட்களை மாதாமாதம் தொடர்ந்து பார்த்தால் தீரும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும்.

தொடர்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்பதற்கு வான்கூவர் ஆய்வு ஒன்று உண்டு. வீடற்றோருக்கு நிபந்தனை இல்லாமல் 7,500 கனடிய டாலர் கொடுத்து ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு, 2023-இல் வெளியானது. காப்பகங்களில் 732 பேரைச் சலித்தார்கள். கடுமையான போதைப் பழக்கம், மனநோய் அறிகுறி உள்ளவர்களை விலக்கியபின் தகுதி பெற்றவர்கள் 229 பேர். அவர்களில் 115 பேர்தான் ஆய்வுக்குள் வந்தார்கள். 50 பேருக்குப் பணம், 65 பேர் ஒப்பீட்டுக் குழு. மீதி 114 பேரைத் திரும்பத் திரும்பத் தேடியும் தொடர்புகொள்ள முடியவில்லை.

பணம் காத்திருக்கும்போதே பாதிப் பேர் கைநழுவிப் போகிறார்கள். சான் பிரான்சிஸ்கோ நேர்காணல்களில் திரும்பத் திரும்ப வருவது பொருள்களை அள்ளிப் போன கதை. அப்படி அள்ளப்படும் மூட்டையில் தொலைபேசி இருந்தால், அந்த ஆள் ஆய்விலிருந்தும் சேர்ந்தே அள்ளப்படுகிறார். ஆய்வாளரின் அட்டவணையில் அவர் பெயருக்கு நேரே "தொடர்பு கிடைக்கவில்லை" என்று எழுதி, கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள்.